கார்டியன், வார்டு, வார்டன் ஒரே சொல்லா? பத்திரத்தில் ‘வார்டு’ என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது?

அரசலாறு (கும்பகோணம்)

எல்லாருக்கும் வணக்கம். 1890-ம் ஆண்டு கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டப்படி வந்த ஓர் ஆங்கில உத்தரவையும், அதை வைத்து எழுதும் கிரயப் பத்திரத்தையும் தமிழில் கொண்டுவர வேண்டும். ‘கார்டியன்’ வரும் இடமெல்லாம் ‘காப்பாளர்’ என்று போட்டாயிற்று. ‘வார்டு’தான் இடிக்கிறது.

பத்திரத்தின் நடுவே “மேற்படி வார்டின் நன்மைக்காக” என்று ஒரு வரி. அதே பத்திரத்தின் சொத்து விவரத்தில் “வார்டு 3, பிளாக் 14” என்று நகர அளவை விவரம். படிக்கிறவர் மூன்றாவது வார்டு மக்களின் நன்மைக்காக விற்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. பள்ளிக்கூடச் சுற்றறிக்கையிலும் “தங்கள் வார்டு” என்று வருகிறது. ஆஸ்பத்திரியிலும் வார்டு, ஜெயிலில் வார்டர், ஹாஸ்டலில் வார்டன்.

என் கேள்விகள்: இவையெல்லாம் ஒரே சொல்லா, இல்லை கேட்க ஒன்றுபோல இருக்கும் வெவ்வேறு சொற்களா? காக்கிறவர் ‘கார்டியன்’, காக்கப்படுகிறவர் ‘வார்டு’ என்று எப்படிப் பிரிந்தது? கடைசியாக, பத்திரத்தில் எதைப் போட்டால் பின்னால் சிக்கல் வராது?

குடமுருட்டி (பாபநாசம், தஞ்சை)

ஒரே வேர்தான் தம்பி. இரண்டு வாசல் வழியாக ஆங்கிலத்துக்குள் வந்ததால் இரண்டு முகம்.

வேர் ஜெர்மானிய மொழிகளுடையது. கவனித்துப் பார்த்திரு, காவல் இரு என்று பொருள். பழைய ஆங்கிலத்தில் அது ‘வெயர்ட்’. காவல் என்ற செயலுக்கும் அதே சொல், காவல் இருக்கும் ஆளுக்கும் அதே சொல். இது இங்கிலாந்தின் சொந்தச் சரக்கு, ‘வார்டு’ ஆனது இதுதான்.

அதே வேரை ஃபிராங்குகள் என்ற ஜெர்மானியக் கூட்டத்தார் இன்றைய ஃபிரான்ஸ் பக்கம் கொண்டுபோனார்கள். அங்கே லத்தீன் வழிவந்த பேச்சு பேசியவர்களுக்குச் சொல் முதலில் வரும் ‘வ’ (உதடு குவித்துச் சொல்லும் வகரம்) நாக்கில் ஏறவில்லை. முன்னால் ஒரு ககரத்தைச் சேர்த்து ‘க்வ’ என்றார்கள். நாளடைவில் வகரம் தேய்ந்து ககரம் மட்டும் நின்றது. ‘வார்டோன்’ என்ற வினை ‘கார்டே’ ஆனது இப்படித்தான். ஆனால் வடக்கே நார்மண்டிப் பக்கத்துப் பேச்சில் இந்த மாற்றம் நடக்கவில்லை. அவர்கள் வகரத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

1066-ல் இங்கிலாந்தைப் பிடித்தவர்கள் நார்மண்டிக்காரர்கள். அவர்களோடு வந்தது வகர வடிவம்: ‘வார்டேன்’, இன்றைய வார்டன். பின்னால் பாரிஸ் பக்கத்து ஃபிரெஞ்சின் செல்வாக்கு ஏறியபோது ககர வடிவமும் வந்தது: ‘கார்டேன்’, ‘கார்டியன்’. ஆக வார்டனும் கார்டியனும் இரட்டைப் பிள்ளைகள். வார்டு அவர்களுக்குப் பெரியப்பா முறை, கடல் தாண்டாமல் ஊரிலேயே இருந்தவர்.

நமக்கு இது புரியாத விஷயமே இல்லை. காவிரியோடு மேலே போய்ப் பாருங்கள். டெல்டாவில் ‘வாழை’. மைசூர்ப் பக்கம் போனால் ‘பாளெ’, முதலெழுத்து ‘பஸ்’ என்பதில் வரும் ஒலி. நம் வேர் அங்கே ‘பேரு’, நம் வில் அங்கே ‘பில்லு’, நம் ‘வா’ அங்கே ‘பா’. ஒன்றிரண்டு சொல்லில் நடந்தால் தற்செயல். வரிசையாக நடந்தால் அது ஒலிமாற்ற விதி. ஃபிரெஞ்சில் நடந்ததும் அப்படி ஒரு விதிதான். இங்கிலாந்தில் வில்லியம் என்கிற பெயர் ஃபிரான்ஸில் கியோம். ஆங்கிலத்தில் போருக்கு ‘வார்’, ஃபிரெஞ்சில் ‘கேர்’. கடைக்காரர் ஒரே மூச்சில் சொல்லும் வாரண்டி, கியாரண்டி இரண்டும் இதே கணக்கு.

ஆங்கிலத்தில் கார்டு, கார்டியன் இரண்டையும் எழுதும்போது ‘ஜி’ எழுத்துக்குப் பின்னால் ஒரு ‘யு’ வரும், வாயில் வராது. அந்தப் பழைய ‘க்வ’ ஒலியை எழுதிய எழுத்து அது. ஒலி போய்விட்டது, எழுத்து மட்டும் நிற்கிறது. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் இன்றும் அந்த ஒலி உயிரோடு இருக்கிறது. ‘குவார்தியா’, ‘குவார்தா’ என்றுதான் சொல்கிறார்கள்.

இனி, வார்டு எப்படி இத்தனை பொருளுக்குப் போனது? காவல் என்ற செயலிலிருந்து காவலுக்கு உட்பட்ட இடம். கோட்டைக்குள் மதில் சூழ்ந்த முற்றம் வார்டு. லண்டன் நகரம் பல பகுதியாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தன் காவலைப் பார்த்துக்கொண்டது. அந்தப் பகுதியும் வார்டு. தஞ்சாவூர் மாநகராட்சியின் 51 வார்டும் அந்த வழியில் வந்த பெயர்தான். ஆஸ்பத்திரி வார்டு, ஜெயில் வார்டு எல்லாம் ‘பிரித்துக் காக்கப்படும் பகுதி’ என்ற பொருளின் கிளை.

பலருக்குத் தெரியாத இன்னொரு வார்டு பூட்டுக்குள் இருக்கிறது. பழைய பெட்டிப் பூட்டின் உள்ளே வளைவாக இரும்புத் தகடுகள் நிற்கும். சரியான சாவியின் நாக்கில் அந்தத் தகட்டுக்கு நேராக வெட்டு இருக்கும், அதனால் தடுக்காமல் சுழலும். வேறு சாவி போட்டால் தகட்டில் முட்டி நின்றுவிடும். அந்தத் தகடுகளுக்கு ஆங்கிலத்தில் வார்டு என்றுதான் பெயர். காவல் நிற்பவை, அவ்வளவுதான்.

இனி ஆள் பொருள்: காவலில் இருக்கும் பிள்ளை. 15-ம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்தில் இது நிலைத்துவிட்டது. பழைய சொல் இடத்துக்கும் காக்கப்படுகிறவருக்கும் போக, காக்கிறவருக்கு ஃபிரெஞ்சு வழி வந்த கார்டியன் கிடைத்தது. நீதிமன்றத்தில் ஃபிரெஞ்சு புழங்கிய காலம் அது. அதிகாரம் உள்ளவருக்கு ஃபிரெஞ்சுப் பெயர் போனதில் ஆச்சரியம் இல்லை.

தமிழிலும் ‘கா’ என்ற ஒரே வேர் இப்படித்தான் பரவியது. காவல், காப்பு, காவலன். சங்கப் பாட்டில் காவலன் என்றால் அரசன். ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுகிறோம், கையில் போடுவதும் காப்பு, நூலின் முதலில் பாடுவதும் காப்பு.

கடுவையாறு (நாகப்பட்டினம்)

குடமுருட்டி ஐயா சொன்னது சரி. ஒரு திருத்தம் மட்டும். வாரண்டி–கியாரண்டி ஜோடி ஒலிமாற்றத்துக்கு நல்ல உதாரணம், ஆனால் அதன் வேர் வார்டின் வேர் இல்லை. ‘மூடு, மறை’ என்ற பொருளுள்ள வேறொரு வேரிலிருந்து வந்தது என்றுதான் பொதுவாகக் கொள்கிறார்கள். அதேபோல் ஃபார்வர்டு, பேக்வர்டு என்பதில் வரும் ‘வர்டு’க்கும் இதற்கும் தொடர்பில்லை. அது ‘திரும்பு’ என்ற வேர், திசை காட்டும் விகுதி. இதை வார்டோடு சேர்த்துச் சொற்பிறப்பு எழுதினால் தவறு.

சேர்க்க வேண்டியது வேறு. ‘லார்டு’ பழைய ஆங்கிலத்தில் ‘ஹ்லாஃப்வெயர்ட்’. ‘ஹ்லாஃப்’ என்றால் ரொட்டி. ரொட்டியைக் காப்பவன் பிரபு. அவனை அண்டியிருந்தவனுக்கு ‘ரொட்டி தின்பவன்’ என்றே ஒரு சொல் இருந்தது. ‘லேடி’ ரொட்டி மாவு பிசைபவள். ‘ஸ்டூவர்ட்’ வீட்டைக் காப்பவர். எட்வர்டு என்ற பெயர் செல்வத்தைக் காப்பவன். எல்லாவற்றின் வாலிலும் அதே வெயர்ட். களஞ்சியத்தை வைத்து ஆளின் தகுதியைச் சொல்வது நெல் விளையும் ஊர்க்காரருக்கு விளக்கித் தெரிய வேண்டியதில்லை.

சொல்லில் ஒரு எச்சரிக்கை. ‘காப்பாளர்’ என்பது அரசு விடுதி வார்டனுக்கும் வழங்குகிறது, விடுதிக் காப்பாளர். ஆங்கிலத்தில் பிரிந்துபோன வார்டனும் கார்டியனும் தமிழில் மறுபடி ஒன்றாகிவிட்டார்கள். பத்திரத்தில் ‘மைனரின் காப்பாளர்’ என்று சேர்த்து எழுதினால் குழப்பம் இல்லை. தனியாகக் ‘காப்பாளர்’ என்று மட்டும் தொடங்காதீர்கள். ‘பாதுகாவலர்’ என்றும் எழுதுகிறார்கள், தவறில்லை. ஆனால் ‘காவலர்’ என்றதும் போலீஸ் ஞாபகம் வருகிறது. கோயிலுக்கு வேறு ‘அறங்காவலர்’ இருக்கிறார்.

நாகூர்ப் பக்கம் நிக்காஹ் பதிவேட்டில் வரும் ‘வலி’யையும் சிலர் ‘காப்பாளர்’ என்று மொழிபெயர்க்கிறார்கள். அது அரபுச் சொல். மணப்பெண்ணின் சார்பில் சம்மதம் சொல்லும் பொறுப்பாளர். பெண் மேஜராக இருந்தாலும் வலி இருப்பார். மைனரின் காப்பாளர் என்று எழுதினால் பெண் மைனர் என்றாகிவிடும், பெரிய விபரீதம். ‘வலி’ என்றே விட்டுவிடுங்கள். வக்ஃபு முத்தவல்லியும் அதே அரபு வேர்தான்.

பாமணி (மன்னார்குடி)

சொல்லின் பிறப்பைச் சொல்லிவிட்டார்கள். அது சட்டத்துக்குள் நுழைந்த கதையையும் பார்த்தால்தான் 1890 சட்டத்தின் வாசகம் புரியும்.

இங்கிலாந்தில் வார்டு என்பது முதலில் பாசத்தின் பெயராக இல்லை, நிலத்தின் பெயராகத்தான் இருந்தது. போர்ச் சேவைக்கு ஈடாக அரசனிடம் நிலம் பெற்றவன் இறந்து, வாரிசு சிறுவனாக இருந்தால், அந்தப் பிள்ளை அரசனின் வார்டு. நிலத்தின் வருமானம் அரசனுக்கு. பிள்ளைக்கு யாரோடு திருமணம் என்று முடிவு செய்யும் உரிமையும் அரசனுக்கு. இந்த உரிமையை வேறொருவருக்கு விற்கவும் செய்யலாம். ஆண் பிள்ளைக்கு 21 வயதுவரை இந்த நிலை. இதை நடத்த எட்டாம் ஹென்றி 1540-ல் ஒரு நீதிமன்றமே வைத்தார், கோர்ட் ஆஃப் வார்ட்ஸ். 1660-ல் போர்ச் சேவை நில முறையையே சட்டம் போட்டு ஒழித்தபோது அதுவும் முறைப்படி முடிந்தது.

அதே நாட்டில் சாதாரண உழவு நிலத்துக்கு வேறு விதி. அங்கே காப்பாளர் நெருங்கிய உறவினர்தான், ஆனால் அந்தச் சொத்துக்கு வாரிசாக வரக்கூடாத பக்கத்து உறவினர். தந்தை வழி வந்த நிலம் என்றால் தாய் வழி உறவு. பிள்ளை இறந்தால் தனக்கு ஆதாயம் என்ற நிலையில் உள்ளவரிடம் பிள்ளையை ஒப்படைப்பது பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பது என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது. நம் 1890 சட்டத்தின் 17-ம் பிரிவில், காப்பாளராக வர நினைப்பவருக்கும் மைனரின் சொத்துக்கும் முன்போ இப்போதோ உள்ள தொடர்பை நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்று இருப்பது இதே கவலைதான். மனுவுக்குத் துணையாகப் போடும் பிரமாணப் பத்திரத்தில் இதை மறைத்தால் உத்தரவே ஆட்டம் காணும்.

கம்பெனி ஆட்சி அந்த நீதிமன்றத்தின் பெயரை இங்கே கொண்டுவந்தது. சென்னை மாகாணத்தில் 1804-ல் ஒரு ஒழுங்குமுறை, பிறகு 1902-ல் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் சட்டம். ஜமீன் வாரிசு மைனராக இருந்தால் எஸ்டேட் நிர்வாகத்தை ரெவினியூ போர்டு எடுத்துக்கொண்டது. பழைய ஜமீன் ஆவணங்களில் ‘கோர்ட் ஆப் வார்ட்ஸ் மேனேஜ்மெண்ட்’ என்று வந்தால் அது வழக்கு மன்றம் இல்லை, நிர்வாகம். ‘நீதிமன்றம்’ என்று மொழிபெயர்த்து ஏமாறாதீர்கள்.

‘மைனர்’ என்ற சொல்லே நம் பக்கத்தில் ஆளை மாற்றிக்கொண்டது. சட்டத்தில் பதினெட்டு நிரம்பாதவர். ஊர்ப்பேச்சில் சொத்துள்ள வீட்டுச் சொகுசுப் பிள்ளை, மைனர் செயின், மைனர் ஜிப்பா. அதனால்தான் பத்திரத்தில் ‘மைனர்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வயது கட்டாயம் வேண்டும்.

தஞ்சாவூர்க்காரர்களுக்குத் தெரிந்த காப்பாளர் ஒருவர் உண்டு. 1787-ல் துளஜா மன்னர் இறக்கும் முன் தத்தெடுத்த பிள்ளை சரபோஜியை மிஷனரி ஸ்வார்ட்ஸ் பொறுப்பில் விட்டார். சரபோஜி 1798-ல் அரியணை ஏறினார், அதே ஆண்டு தொடக்கத்தில் ஸ்வார்ட்ஸ் இறந்திருந்தார். சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய தேவாலயத்தில், மரணப் படுக்கையில் ஸ்வார்ட்ஸும் அருகில் சரபோஜியும் இருக்கும் பளிங்குச் சிற்பத்தை ஃபிளாக்ஸ்மேன் என்ற ஆங்கிலச் சிற்பி செதுக்கினார். சரபோஜி செய்வித்தது. நிலத்தில் தொடங்கிய சொல் பாசத்துக்கு வந்ததை அந்தக் கல்லில் பார்க்கலாம்.

இப்போது மொழிபெயர்ப்பில் விழும் பெரிய பள்ளம். 1890 சட்டத்தின் 4-ம் பிரிவு, காப்பாளர் என்பவர் மைனரின் ‘பெர்சன்’ அல்லது ‘பிராப்பர்ட்டி’ அல்லது இரண்டையும் கவனிப்பவர் என்கிறது. ‘பெர்சன்’ என்றதும் ‘நபர்’ என்று போட்டு, “மைனரின் நபருக்கும் சொத்துக்கும் காப்பாளர்” என்று எழுதிய பத்திரங்கள் உண்டு. மைனருக்கு ஏது நபர்? பழைய இங்கிலாந்தில் ‘உடலின் வார்டுரிமை’, ‘நிலத்தின் வார்டுரிமை’ என்று இரண்டாகப் பிரித்துப் பேசினார்கள். அந்த ‘உடல்’தான் இந்தப் ‘பெர்சன்’. தமிழில் “மைனரின் பராமரிப்புக்கும் சொத்துக்கும் காப்பாளர்” என்றால் பொருள் நேராக வந்துவிடும். உத்தரவு இரண்டில் எதற்கு என்று பாருங்கள். பராமரிப்புக்கு மட்டும் காப்பாளராக நியமிக்கப்பட்டவர் அந்த உத்தரவை வைத்துச் சொத்தை விற்க முடியாது.

நாட்டாறு (காரைக்கால்)

காரைக்கால் ஆவணங்களைக் கையாளுபவர்களுக்காக இதைச் சேர்க்கிறேன். 1739 முதல் 1954 வரை இங்கே ஃபிரெஞ்சு நிர்வாகம். பழைய நோட்டேர் (ஃபிரெஞ்சு நோட்டரி) பத்திரங்களில் ‘கார்டியன்’ என்ற பொருளில் ‘கர்தியேன்’ என்ற சொல்லைத் தேடினால் கிடைக்காது. ஃபிரெஞ்சில் ‘கர்தியேன்’ என்றால் வாட்ச்மேன், கோல் கீப்பர். சொல்லை ஆங்கிலத்துக்குக் கொடுத்தவர்களே சட்டத்தில் வேறு சொல் வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய காப்பாளர் ‘த்யுத்தேர்’, காப்பிலுள்ள பிள்ளை ‘புப்பீய்’.

இதை வாத்தியார், மாணவர் என்று மொழிபெயர்த்துவிடுவது சுலபம், ஏனென்றால் ஆங்கிலத்து டியூட்டர், பியூப்பில் இரண்டும் இதே சொற்கள். லத்தீனில் ‘டூடோர்’ என்றால் காப்பாளர்தான், ‘பூபில்லுஸ்’ என்றால் தகப்பனை இழந்து காப்பில் உள்ள பிள்ளை. தெருவுக்குத் தெரு எழுதிப் போட்டிருக்கும் ‘டியூஷன்’ முதலில் பாதுகாப்பு, பராமரிப்பு என்றே பொருள்பட்டது. படிப்பு பின்னால் வந்த பொருள். ரோமச் சட்டத்தில் பருவம் வராத பிள்ளைக்கு டூடோர், அதற்குமேல் 25 வயதுவரை உள்ளவருக்குக் ‘கூராடோர்’. அந்தக் கூராடோர்தான் மியூசியத்துக் க்யூரேட்டர். அவருக்குத் தமிழில் ‘காப்பாட்சியர்’ என்று பெயர் வைத்தவர் ரோமச் சட்டம் வரை யோசித்தாரோ இல்லையோ, சொல் மிகச் சரியாக விழுந்திருக்கிறது.

ஃபிரெஞ்சு சிவில் சட்டம் எல்லாருக்கும் பொருந்தவில்லை. 1881 ஆணைப்படி தங்கள் சமூக வழக்கச் சட்டத்தைத் துறந்து பதிந்துகொண்ட குடும்பங்களுக்கும், அவர்கள் வழி வந்தவர்களுக்கும் பொருந்தும். அந்தப் பத்திரங்களில் மூன்று பேரைப் பார்க்க வேண்டும். முதலில் த்யுத்தேர், பெரும்பாலும் உயிரோடு இருக்கும் தாயோ தகப்பனோ. அடுத்தது குடும்ப மன்றம்: சமாதான நீதிபதி, அவரோடு தந்தை வழியில் மூவர், தாய் வழியில் மூவர் என ஆறு உறவினர். மூன்றாவது துணைக் காப்பாளர். காப்பாளர் தந்தை வழி என்றால் இவரைத் தாய் வழியிலிருந்து எடுப்பார்கள். காப்பாளரின் நலனும் பிள்ளையின் நலனும் மோதும் இடத்தில் பிள்ளைக்காகப் பேசுவது இவர் வேலை.

மைனரின் அசையாச் சொத்தை விற்கக் குடும்ப மன்றத்தின் அனுமதியும், அதை உறுதிசெய்யும் நீதிமன்ற ஒப்புதலும் வேண்டும். பத்திரத்தில் இரண்டில் ஒன்றின் தேதி விடுபட்டிருந்தால் மூலத்தைத் தேடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். தாய் மறுமணம் செய்துகொண்டால் அதற்குமுன் குடும்ப மன்றத்தைக் கூட்ட வேண்டும். மன்றம் அவரையே தொடர விட்டால் புதுக் கணவரும் இணைக் காப்பாளர் ஆவார். பெயர்ப் பட்டியலில் திடீரென்று ஓர் ஆண் பெயர் சேர்வதற்குக் காரணம் இதுதான்.

பக்கத்துக் கரைகளில் இன்னும் வேறு. நாகப்பட்டினத்தை 1658 முதல் 1781 வரை வைத்திருந்த டச்சுக்காரர்களுக்குக் காப்பாளர் ‘ஃபோக்ட்’. அது லத்தீன் ‘அட்வகாட்டுஸ்’ தேய்ந்தது, அதாவது நம் அட்வகேட்டின் உடன்பிறப்பு. தரங்கம்பாடி டேனிஷ்காரர்களுக்கு ‘ஃபோர்மிந்தர்’. ஐம்பது மைல் கடற்கரைக்குள் ஒரே பொறுப்புக்கு நான்கு ஐரோப்பியச் சொற்கள், ஒன்றுக்கொன்று வேர் ஒட்டாதவை.

அரசலாறு (கும்பகோணம்)

எல்லாருக்கும் நன்றி. ‘மைனரின் நபர்’ என்ற தவறு என்னுடைய வரைவிலும் இருக்கிறது, திருத்திவிடுகிறேன். பாமணி அண்ணே, உத்தரவு சொத்துக்கும் சேர்த்துத்தான். நியமிக்கப்பட்டவர் தாய்மாமன். வார்டுக்கு ‘காப்பிலுள்ளவர்’ என்று போடலாமா? பத்திர வாசகத்தில் வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

பாமணி (மன்னார்குடி)

சட்டத்தின் பெயரையோ உத்தரவையோ மொழிபெயர்க்கும் இடத்தில் ‘காப்பிலுள்ளவர்’ நல்ல சொல். ‘காப்பாளர்’ என்பதோடு ஒரே வேரில் நிற்கிறது, ஆங்கிலத்தில் உள்ள உறவு தமிழிலும் தெரியும். பத்திரத்தின் உடலில் அது வேண்டாம். அங்கே ‘மேற்படி மைனர்’ என்றே போங்கள். 4-ம் பிரிவின்படி வார்டு என்றால் காப்பாளர் உள்ள மைனர்தான், ஆகவே பொருள் குறையாது. பள்ளிச் சுற்றறிக்கைக்கு ‘தங்கள் பொறுப்பிலுள்ள பிள்ளை’ போதும்.

கட்சிக்காரர் வரி இப்படி இருக்கட்டும்: “(பெயர்), வயது இத்தனை, பிறந்த தேதி இது, மைனர்; இவருக்காக, இன்ன மாவட்ட நீதிமன்றம் இன்ன மனுவில் இன்ன தேதியில் பிறப்பித்த உத்தரவின்படி இவருடைய பராமரிப்புக்கும் சொத்துக்கும் காப்பாளராக நியமிக்கப்பட்ட தாய்மாமன் (பெயர்).” பிறந்த தேதியை விடாதீர்கள், பிறப்புச் சான்றிதழ் நகலையும் இணையுங்கள். காரணம் இருக்கிறது. அனுமதியில்லாமல் நடந்த விற்பனையை மைனர் பின்னால் ரத்து செய்யக் கேட்கலாம். அதற்குக் காலவரையறைச் சட்டத்தின் 60-வது இனம் மேஜரான நாளிலிருந்து மூன்று வருஷம் தருகிறது. 18-ல் மேஜர் என்றால் 21 வரை. வில்லங்கம் பார்ப்பவர் பத்திரத்தை எடுத்ததும் போடும் முதல் கணக்கு இதுதான். ‘வயது சுமார் 12’ என்று எழுதியிருந்தால் அந்தக் கணக்கே ஓடாது.

பழைய பத்திரம் பார்க்கும்போது இன்னொன்று. 1875-ம் ஆண்டு மேஜர் வயதுச் சட்டம், நீதிமன்றம் காப்பாளர் நியமித்த மைனருக்கும் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் நிர்வாகத்தில் இருந்த மைனருக்கும் 21 வயது என்று வைத்திருந்தது. 1999-ல்தான் திருத்தி எல்லாருக்கும் 18 ஆக்கினார்கள். அதற்குமுன் எழுதிய ஆவணத்தில் 19 வயதுக்காரர் மைனர் என்று இருந்தால் எழுத்துப் பிழை என்று அடித்துவிடாதீர்கள்.

உங்கள் பத்திரத்தில் வரும் தாய்மாமனை ‘இயற்கைக் காப்பாளர்’ என்று எங்கும் எழுதக்கூடாது. அது 1956-ம் ஆண்டு இந்து மைனர் காப்பாளர் சட்டத்தின் 6-ம் பிரிவில் தாய் தகப்பனுக்கு உள்ள பெயர். தாய்மாமன் நீதிமன்றம் நியமித்தவர். பலர் பழைய பத்திரத்தைப் பார்த்துப் படி எடுக்கும்போது இந்த ஒரு சொல் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது.

நியமன உத்தரவு வேறு, விற்பனை அனுமதி வேறு. 1890 சட்டத்தின் 29-ம் பிரிவுப்படி, நீதிமன்றம் நியமித்த காப்பாளர் அசையாச் சொத்தை விற்க, அடமானம் வைக்க, தானம் செய்ய, பரிமாற்றம் செய்ய முன் அனுமதி வாங்க வேண்டும். குத்தகைக்கும் எல்லை உண்டு: ஐந்து வருஷத்துக்கு மேல் போகக்கூடாது, மைனர் மேஜராகி ஒரு வருஷத்தைத் தாண்டியும் நீளக்கூடாது. பையனுக்கு 16 வயது என்றால் மூன்று வருஷக் குத்தகைதான் அனுமதியில்லாமல் போடலாம். நஞ்சை நிலத்தில் ஐந்து வருஷம் என்று வழக்கமாக எழுதிவிட்டு மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அனுமதி உத்தரவில் என்ன அவசியத்துக்காக அல்லது மைனருக்கு என்ன தெளிவான நன்மைக்காக என்று எழுதியிருக்கும். அந்தக் காரணத்தை அதே அளவில் பத்திரத்தில் எடுத்து எழுதுங்கள். உத்தரவில் படிப்புச் செலவு என்றிருக்க, பத்திரத்தில் ‘குடும்பச் செலவுக்காக’ என்று எழுதினால் அனுமதிக்கு வெளியே போய்விட்டது என்று பின்னால் வாதாட இடம் கிடைக்கும். நிபந்தனைகள் இருக்கும்: பணத்தை நீதிமன்றத்தில் கட்டு, மைனர் பெயரில் டெபாசிட் போடு, குறைந்தபட்ச விலை இவ்வளவு. ஒன்றுவிடாமல் நிறைவேற்றிய விவரத்தோடு எழுத வேண்டும்.

கையெழுத்து இடத்தில் “மேற்படி மைனருக்காக அவருடைய காப்பாளர்” என்று போட்டு மாமன் கையெழுத்து. வெறும் பெயர் போட்டால் தன் சொந்தப் பொறுப்பில் விற்றதுபோல் ஆகும்.

சொத்து விவரத்தில் உள்ள “வார்டு 3, பிளாக் 14” மட்டும் எழுத்து மாறாமல் அப்படியே இருக்கட்டும். நகர அளவைப் பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது. அதையும் தமிழாக்கி ‘வட்டம் 3’ என்று எழுதினால் பதிவேட்டோடு ஒத்துப்போகாமல் பத்திரம் திரும்பி வரும்.